வலி ஜெல் தடவும்போது தோலின் கொழுப்பு அடுக்குகளில் என்ன நடக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்திலிருந்து ஒருவர் கேட்டது. அப்பாவுக்கு 74 வயது, இரண்டு முட்டியிலும் வலி. டாக்டர் எழுதிக்கொடுத்த ஜெல்லை எட்டு மாதமாகத் தடவி வருகிறார்கள். ட்யூபின் பின்பக்கம் டைக்ளோஃபெனாக்கோடு ஆளிவிதை எண்ணெய், மெத்தில் சாலிசிலேட், மெந்தால் என்றெல்லாம் போட்டிருக்கிறது. மருந்து டைக்ளோஃபெனாக் என்றால் மற்றவை எதற்கு? "தோலைத் திறந்துவிடத்தான் சார்" என்று மருந்துக்கடையில் சொன்னார்களாம். திறந்த தோல் திரும்ப மூடுமா? முட்டியைச் சுற்றித் தோல் பளபளப்பாகி, மெல்லிய செதில் உதிர்கிறது. அதைப் பார்த்துத்தான் பயம்.

மருந்துக்கடைக்காரர் சொன்னது முக்கால்வாசி சரி. ஆனால் "திறப்பது" என்றதும் நாம் துளையைத்தான் கற்பனை செய்துகொள்கிறோம். தோலில் எந்தத் துளையும் விழுவதில்லை. நெருக்கமாக அடுக்கி நிற்கும் கொழுப்பு மூலக்கூறுகள் கொஞ்சம் தளர்கின்றன, அவ்வளவுதான். எவ்வளவு தளர்கின்றன, எத்தனை நாளில் பழைய ஒழுங்குக்குத் திரும்புகின்றன என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. சென்னையில் ஒரு பார்மசி கல்லூரியில் பல வருடமாக இதையே அளந்துகொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம் தோலின் தடுப்புச் சக்தி ஏறக்குறைய முழுவதும் மேலே இருக்கும் ஒரே ஒரு படலத்தில் இருக்கிறது. ஸ்ட்ராட்டம் கார்னியம் என்று பெயர். இங்கே வெளிப்படலம் என்றே சொல்கிறேன். உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். செய்தித்தாளின் ஒரு தாள் இதைவிட மூன்று நான்கு மடங்கு தடிமன். அதற்குள் பதினைந்து இருபது அடுக்கு இறந்த செல்கள்.

எங்கள் லேபில் இதைப் பன்றிக் காதிலிருந்து எடுப்போம். காலையில் கறிக்கடைக்குப் போய், மயிர் நீக்கக் கொதிநீரில் போட்டுச் சுரண்டுவதற்கு முன்பே காதை வாங்கிவிட வேண்டும். சுரண்டிய காதில் நமக்கு வேண்டிய படலம் போயிருக்கும். பிறகு தோலை உரித்து 60 டிகிரி நீரில் ஒரு நிமிடம் வைத்தால் மேல்தோல் தனியாகக் கழன்று வரும். அதன் அடிப்பக்கத்து உயிருள்ள செல்களை டிரிப்சின் என்ற நொதி கரைத்துவிடும். தட்டில் மிஞ்சுவது வெங்காயத்தின் இரண்டு அடுக்குக்கு நடுவே வருமே ஒரு கண்ணாடிச் சவ்வு, ஏறக்குறைய அதைப் போல இருக்கும். இடுக்கியில் தூக்கினால் மடிந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் மிதக்கவிட்டால் மறுபடி விரியும். முதல் தடவை பார்க்கிற மாணவர்கள் எல்லாரும் "இதுவா சார் தடுக்குது?" என்று கேட்பார்கள். இதுதான் தடுக்கிறது. இது இல்லாவிட்டால் உடம்பு நீர் வேகமாக வெளியேறிவிடும். பெரிய தீக்காயம் பட்டவர்களுக்கு நீரிழப்பு அவ்வளவு ஆபத்தாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது அல்லவா, அங்கே 'தோல்' என்று சொல்வது வேறு. பதனிடும்போது சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரோடு மேல்தோலையும் நீக்கிவிடுகிறார்கள். செருப்பாக வருவது கீழே இருக்கும் கொலாஜன் பகுதி. அந்தக் கொலாஜனின் முறுக்கு வடிவத்தை ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் இதே ஊரில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வெளிக்கொண்டு வந்தார்கள். தோலின் பலம் கொலாஜனில் இருக்கிறது, தடுப்பு அதற்கு மேலே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "கொலாஜன் கிரீம் தடவினால் உள்ளே போய்ச் சேரும்" என்று நம்புகிறார்கள். கொலாஜன் மூலக்கூறு மிகப் பெரியது. மூலக்கூறு எடையை டால்டன் என்ற அலகில் சொல்வோம். பொதுவாக 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறுகள் நல்ல தோலை எளிதில் கடப்பதில்லை. கொலாஜனின் எடை சுமார் 3 லட்சம் டால்டன்.

வெளிப்படலத்தைச் செங்கல் சுவர் என்று பாடத்தில் சொல்வோம். இறந்த செல்கள் செங்கல், நடுவில் இருக்கும் கொழுப்பு காரை. மருந்து பெரும்பாலும் இந்தக் காரை வழியாகத்தான் வளைந்து வளைந்து இறங்குகிறது. அதனால் படலம் 20 மைக்ரோமீட்டர்தான் என்றாலும் மருந்து நடக்கும் தூரம் அதைப்போலப் பல மடங்கு. காரையில் எடைக்கணக்கில் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். மூலக்கூறுகளை எண்ணிப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய சம எண்ணிக்கை. உடம்பின் மற்ற செல் சவ்வுகளில் இருக்கும் பாஸ்போலிப்பிடு இங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை. செராமைடின் வால்கள் நீளமானவை, பெரும்பாலும் நேரானவை. அவை ஒன்றோடொன்று நெருங்கி, இறுகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டு போல நிற்கின்றன. இந்த அடுக்குகள் 6 நானோமீட்டர், 13 நானோமீட்டர் என்று இரண்டு அளவில் திரும்பத் திரும்ப வருவதை எக்ஸ்ரே கொண்டு நெதர்லாந்தின் லைடனில் யோக்கே பவுஸ்ட்ராவின் குழு விரிவாக ஆராய்ந்திருக்கிறது.

நேரான வால், வளைந்த வால் என்ற இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்கலாம். மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தால் வெள்ளையாக உறைந்திருக்கும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் அப்படியே ஓடும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நேரானவை, அதனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அடுக்கிக்கொண்டு உறைந்துவிடும். நல்லெண்ணெயில் ஓலிக் அமிலமும் லினோலிக் அமிலமும் அதிகம். ஓலிக் அமிலத்துக்கு 18 கார்பன் வால். ஒன்பதாவது கார்பனில் ஒரு இரட்டைப் பிணைப்பு, அங்கே முழங்கை மாதிரி ஒரு மடிப்பு. மடிந்த குச்சியைக் கட்டுக்குள் இறுக்க முடியாது. தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் நல்லெண்ணெய் கலந்து வைத்துப் பாருங்கள், மார்கழியிலும் அவ்வளவு கெட்டியாக உறையாது.

தோலிலும் ஓலிக் அமிலம் செய்வது கிட்டத்தட்ட இதுதான். அதனால்தான் அது ஊடுருவலைக் கூட்டும் பொருள்களில் முதல் வரிசையில் நிற்கிறது. எங்கள் துறையில் என்ஹான்சர் என்போம், தமிழில் ஊடுருவல் ஊக்கி எனலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நாங்களே ரொம்ப நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்த விஷயம் இது. ஓலிக் அமிலம் கொழுப்பு அடுக்கு முழுவதும் சமமாகக் கலந்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி இளக்குகிறது என்றுதான் முதலில் கருதினார்கள். அகச்சிவப்பு நிறமாலையில் கொழுப்பு வால்களின் அதிர்வு 2850 என்ற எண்ணுக்கு அருகே ஒரு கூர்மையான சிகரமாகத் தெரியும். வால்கள் ஒழுங்காக நிற்கும்போது அது ஓரிடத்தில் இருக்கும், தளர்ந்தால் ஒன்றிரண்டு எண் மேலே நகரும். ஓலிக் அமிலம் தடவினால் நகர்கிறது. சரி, நகர்ந்தது தோலின் சொந்தக் கொழுப்பா, நாம் தடவிய ஓலிக் அமிலமா? இரண்டும் கார்பன், ஹைட்ரஜன் வால்கள்தான், ஒரே இடத்தில்தான் தெரியும். இதைப் பிரிக்க ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்த ஓலிக் அமிலத்தைப் பயன்படுத்தினார்கள். டியூட்டீரியம் என்பது கனமான ஹைட்ரஜன், அதன் அதிர்வு வெகு தூரத்தில் தனியாகத் தெரியும். 1991-ல் பன்றியின் வெளிப்படலத்தில் இப்படிச் செய்தபோது தெரிந்தது இது: தோலின் சாதாரண வெப்பநிலையில் ஓலிக் அமிலம் திரவமாகத் தனித்தனிக் குட்டைகளாக நிற்கிறது, சுற்றியுள்ள சொந்தக் கொழுப்பு பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கிறது. கெட்டியான அடுக்கும் திரவக் குட்டையும் சந்திக்கும் ஓரங்களில் ஒழுங்கு குலைகிறது. மருந்துக்கு அந்த ஓரங்களும் குட்டைகளுமே குறுக்குவழி.

உங்கள் பயத்துக்கு இது நேரடியாகப் பதில் சொல்கிறது. சுவர் முழுவதும் கரைந்துபோவதில்லை. ஆங்காங்கே காரை இளகுகிறது.

ட்யூபில் இருக்கும் ஆளிவிதை எண்ணெயும் இந்த வகைதான். அதன் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம்; அதில் மூன்று மடிப்பு. ஆனால் எண்ணெயாக இருக்கும்போது இந்த அமிலங்கள் மும்மூன்றாகக் கிளிசரினோடு கட்டுண்டு பெரிய மூலக்கூறாக இருக்கும். தனியாக விடுபட்ட அமிலத்தின் வேலையை அப்படியே எண்ணெயிடம் எதிர்பார்க்கக் கூடாது. தீபாவளி எண்ணெய்க் குளியலால் தோல் திறந்துவிடுமா என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தலையில் மட்டும் நிலைமை வேறு. அங்கே வாழும் மலசீஸியா என்ற பூஞ்சை எண்ணெயைப் பிளந்து ஓலிக் அமிலத்தை விடுவிக்கும். பொடுகு வரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அது தலைத்தோலை உரிய வைக்கும்.

அடுத்து மெந்தால். குளிர்ச்சி தருவதற்கு மட்டும் அதைச் சேர்ப்பதில்லை. மெந்தால், யூகலிப்டஸ் எண்ணெயின் சினியோல், எலுமிச்சையின் லிமோனீன் எல்லாம் டெர்பீன்கள். சிறியவை, கொழுப்பில் கரைபவை. மெந்தால் செராமைடுகளின் தலைகளுக்கு இடையே புகுந்து, அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. இன்னொரு வேலையும் செய்கிறது. பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக்கடையில் புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் வாங்கிவந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். மூன்றும் உலர்ந்த படிகங்கள், சொட்டுத் தண்ணீர் கிடையாது. கொஞ்ச நேரத்தில் ஓரம் ஈரமாகும், படிகத்தின் முனைகள் மழுங்கும், பிறகு பாட்டிலின் அடியில் தெளிந்த எண்ணெய் போலத் திரவம் நிற்கும். ஒன்றின் ஒழுங்கை மற்றொன்று கெடுத்து உருகுநிலையை இறக்கிவிடுகிறது. நம் வைத்தியர்கள் இதைப் பல தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். புதினா உப்புதான் மெந்தால். ஐபுப்ரோஃபெனோடும் டெஸ்டோஸ்டிரோனோடும் மெந்தாலைக் கலந்து இதே வித்தையைச் செய்யலாம். உருகுநிலை இறங்கினால் மருந்து தோலின் கொழுப்பில் கூடுதலாகக் கரையும். ஊசி போடுவதற்கு முன் குழந்தைகளின் கையில் தடவும் மரத்துப்போகும் கிரீமில் லிடோகெய்ன் 2.5 சதவீதம், பிரிலோகெய்ன் 2.5 சதவீதம் என்று கலந்திருப்பதும் இதே தத்துவத்தில்தான்.

மற்ற ஊக்கிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தனாலும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் அதிக அளவில் இருந்தால் கொழுப்பைக் கரைத்தே எடுத்துவிடும். ஜெல்லில் இருக்கும் ஆல்கஹால் ஆவியானதும் மிஞ்சும் மருந்து செறிவாகி உள்ளே தள்ளப்படுகிறது என்பதும் ஒரு பயன். புரோபிலீன் கிளைக்கால் தனியாகச் சுமார்தான், ஓலிக் அமிலத்தோடு சேர்ந்தால் நன்றாக வேலை செய்யும். ஏசோன் என்பது இந்த வேலைக்கென்றே 1970-களில் உருவாக்கப்பட்ட மூலக்கூறு: ஏழு அணு வளையத் தலை, பன்னிரண்டு கார்பன் வால். 1 முதல் 3 சதவீதமே போதும், கூட்டினால் பலன் குறையக்கூடச் செய்யும்.

டி.எம்.எஸ்.ஓ., அதாவது டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானின் கதையே வேறு. அது கொழுப்பை மட்டும் தொடுவதில்லை, செல்லுக்குள் இருக்கும் கெராட்டின் புரதத்தின் சுருளையும் மாற்றுகிறது. முழுப் பலன் கிடைக்க 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும், அந்த அளவில் தோல் சிவந்து அரிக்கும். ஒரு தடவை என் மாணவி ஒருத்தியின் மணிக்கட்டில் கொஞ்சம் கொட்டிவிட்டது. உடனே கழுவினோம். சில நிமிடத்தில் "சார், வாயில் பூண்டு வாடை அடிக்குது" என்றாள். மணிக்கட்டில் பட்டது ரத்தத்தில் சேர்ந்து, மாறி, மூச்சில் வெளியே வருகிறது. தோல் எவ்வளவு வேகமாக வழிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் எனக்குக் காட்டியதில்லை. அந்த டி.எம்.எஸ்.ஓ.வில் வேறு ஏதாவது கரைந்திருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். அன்றிலிருந்து லேபில் கையுறை விஷயத்தில் நான் யாரையும் விடுவதில்லை.

யோசிக்காமலே தினமும் பயன்படுத்தும் ஊக்கி ஒன்று இருக்கிறது. சோடியம் லாரில் சல்ஃபேட் போன்ற நுரைப்பொருள்கள். பாத்திரம் விளக்கி முடித்த கையோடு பச்சை மிளகாய் நறுக்கினால் விரலிடுக்கு காந்துகிறதே, அதில் இதற்குப் பங்கு உண்டு. நுரைப்பொருள் கெராட்டினை ஊதவைக்கிறது, கொழுப்பு அடுக்கைக் குலைக்கிறது. மிளகாயின் கேப்சைசின் நல்ல தோலில் நுழைவதைவிடச் சுலபமாக நுழைகிறது. வீட்டு வேலை செய்யும் பெண்களின் கையைப் பார்த்தாலே தெரியும், ஒவ்வொரு நாளும் இளகி, சரியாவதற்குள் மறுபடி இளகிய காரை அது.

சரி, திரும்ப மூடுமா? மூடும். இதில்தான் தோலைப் பார்த்து எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. கொழுப்பு குறைந்தது தெரிந்ததும் கீழே இருக்கும் உயிருள்ள செல்கள் சேமித்துவைத்த கொழுப்புப் பொட்டலங்களை உடனே மேலே தள்ளுகின்றன, புதிதாகவும் தயாரிக்கின்றன. இளவயதுத் தோலில் அசிட்டோனால் துடைத்தோ டேப்பை ஒட்டி உரித்தோ தடுப்பைக் குலைத்தால் சில மணி நேரத்திலேயே பாதி திரும்பிவிடும், முழுதாகத் திரும்ப மூன்று நாள் ஆகும். வயதானவர்களுக்கு மெதுவாகும். உங்கள் அப்பாவின் முட்டியில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை இளக்குகிறோம், மூன்று நாள் இடைவெளி எட்டு மாதமாகக் கிடைக்கவே இல்லை. செதில் உதிர்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம்: அரிப்பு, சிவப்பு, சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு உண்டு, நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பழுது சரியாவதைத் தாமதப்படுத்தும் இரண்டு விஷயம். ஒன்று, கட்டி சோப். செராமைடைத் தயாரித்து முடிக்கும் நொதிகள் வேலை செய்ய தோலின் மேற்பரப்பு pH 5 அளவில் அமிலமாக இருக்க வேண்டும். சாதாரண சோப்பின் pH 9, 10. இன்னொன்று, ஒற்றைக் கொழுப்பு. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றையும் சேர்த்துத் தடவினால் தோல் தேறுகிறது. ஒன்றை மட்டும் கொடுத்தால் பழுது தாமதமாகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். செராமைடு என்று பெரிய எழுத்தில் போட்ட கிரீமை வாங்கும்போது மற்ற இரண்டும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். வாசலின் வேறு வகை. அது மேலே மூடி நீர் போகாமல் காக்கும், விலையும் குறைவு, எனக்குப் பிடித்தது அதுதான்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோலின் மேற்பரப்பு சாதாரணமாக 32 டிகிரி. 35-லிருந்து 40-க்குள் கொழுப்பு வால்களின் நெருக்கம் ஒரு படி தளரும். அக்னி நட்சத்திரத்தில் மின்சாரம் போன மத்தியானம், வியர்வையில் ஊறிய முட்டி அந்த அளவை நெருங்கிவிடும், ஈரமும் தன் பங்குக்கு இளக்கும். அதன்மேல் ஜெல் தடவி, சுடுநீர்ப் பையும் வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றினால் மூன்று ஊக்கிகளை ஒன்றாகப் போட்ட மாதிரி. ஃபென்டனில் என்ற கடும் வலி மருந்து வைத்த பட்டையின் மேல் சூடு வைக்கக் கூடாது என்று கண்டிப்பாக எச்சரிப்பதற்குக் காரணமும் இதுதான்: சூட்டில் மருந்து அளவுக்கு மீறி உள்ளே போய் உயிருக்கே ஆபத்தாகும்.

பேரக்குழந்தை வீட்டில் இருந்தால் இதையும் படியுங்கள். சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். கற்பூரமும் ஒரு டெர்பீன், தோல் வழியாக நன்றாகவே போகும், அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கைக்குழந்தைகளுக்குத் தோலில் தடவியே வலிப்பு வந்த நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. எடையோடு பார்த்தால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட மிக அதிகம். குறைமாதக் குழந்தைக்கு வெளிப்படலமே முழுதாக உருவாகியிருக்காது. இரண்டு வயதுக்குக் கீழே கற்பூரம் வேண்டவே வேண்டாம். தடவுவது பாட்டியின் கையாக இருந்தாலும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இனி அப்பாவுக்கு. டைக்ளோஃபெனாக் ஜெல்லை ஒரு முட்டியில் மட்டும் தடவைக்கு 4 கிராம் வீதம் நாளுக்கு நான்கு தடவை போட்டாலும் ரத்தத்தில் சேர்வது மாத்திரை சாப்பிட்டால் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அது எவ்வளவோ நல்லது, அதனால் ஜெல்லைத் தூக்கிப்போட வேண்டாம். ஆனால் உங்கள் ட்யூபில் மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கிறது. அவர் வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுகிறார் என்றால் இன்றே அந்த ட்யூபை டாக்டரிடம் காட்டுங்கள். மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாகச் சேர்ந்தே வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவு வரை கொண்டுபோனது உண்டு.

அது இல்லையென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நான்கு நாள் ஜெல்லை நிறுத்துங்கள். முட்டியில் சோப் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் காய்வதற்குள் மெல்லியதாக வாசலின் தடவுங்கள். தினமும் காலையில் ஒரே வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஐந்தாம் நாள் பளபளப்பு குறைந்து தோலின் குறுக்குக் கோடுகள் மறுபடி தெரிய ஆரம்பித்தால் காரை கட்டியாகிவிட்டது. டாக்டர் சொன்ன அளவிலேயே ஜெல்லை மறுபடி தொடங்கலாம். தெரியாவிட்டால் அந்த ஐந்து படத்தையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள்.